புதிய தளத்துக்கு மாற்றிய சர்வர் ரூட் வட்டைக் காணவில்லை என்று நிற்கிறது

அகல்விளக்கு | திங்கள், இரவு 11:52

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பழைய மெய்நிகராக்கத் தளம் ஒன்றிலிருந்து ஐந்து சர்வர்களை லினக்ஸ் கெர்னலின் சொந்த மெய்நிகராக்கமான கேவிஎம் தளத்துக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் சர்வரை இன்று மாலை மாற்றினேன். ஆல்மாலினக்ஸ் 9 ஓடும் சர்வர். வட்டுப் படிமத்தை க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்றி, புதிய மெய்நிகர் இயந்திரத்தில் விர்டியோ (மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள இடைமுகம்) வட்டாக இணைத்தேன். கெர்னலை ஏற்றித் தரும் க்ரப்பின் பட்டியல் வந்தது, கெர்னலும் தொடங்கியது. அதன் பிறகு 'டிராகட் இனிட்க்யூ டைம்அவுட்' என்ற வரி திரையில் வந்துகொண்டே இருந்தது. சுமார் மூன்று நிமிடம் கழித்து, இயங்குதளம் இருக்கும் ரூட் லாஜிக்கல் வால்யூம் இல்லை என்று எச்சரித்துவிட்டு, டிராகட் என்ற பெயர் தாங்கிய ஒரு ஷெல் திறந்தது.

எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான். வட்டு தெரியவில்லை என்றால் க்ரப் எங்கிருந்து வந்தது? கெர்னல் எங்கிருந்து வந்தது? இரண்டும் அதே வட்டில்தானே இருக்கின்றன?

வட்டின் அளவு 600 ஜிபி. மறுபடி நகலெடுக்க இரவு முழுவதும் ஆகும். காலை 9 மணிக்குச் சர்வர் வேலை செய்ய வேண்டும். ஆல்மாலினக்ஸைப் புதிதாக நிறுவித் தரவை மட்டும் கொண்டுவந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.


பழைய முனையம் | செவ்வாய், 12:14

தம்பி, தயவுசெய்து நிறுவியில் கை வைக்காதீர்கள். உங்கள் வட்டில் எதுவும் கெடவில்லை.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. க்ரப் வட்டைப் படிப்பது ஃபர்ம்வேரின் துணையோடு. பயோஸோ யூஇஎஃப்ஐயோ கொடுக்கும் வழியில் வட்டைப் படித்து, கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் நினைவகத்தில் வைத்துவிட்டு அது ஒதுங்கிவிடுகிறது. கெர்னல் எழுந்த பிறகு அந்த வழி மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு வட்டைப் பார்க்க வேண்டுமானால் கெர்னலுக்குச் சொந்த டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் இருப்பதோ, இன்னும் திறக்கப்படாத அதே வட்டில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய நிலை இது. இனிட்ராம்எஃப்எஸ் என்பது அந்தச் சாவியை வெளியே எடுத்துவந்து கொடுக்கும் சிறு மூட்டை. உங்கள் மூட்டையில் இந்த வீட்டுச் சாவி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஷெல் ஒரு தண்டனை அல்ல. மிகச் சிறிய, ஆனால் முழுமையாக உயிரோடிருக்கும் லினக்ஸ் அது. அதில் மூன்றைப் பாருங்கள், இதே வரிசையில். முதலில், புரோக் அடைவில் உள்ள பார்டிஷன்ஸ் என்ற கோப்பைத் திறந்து கெர்னல் எந்த வட்டுகளைக் காண்கிறது என்று பாருங்கள். அடுத்து, அதே அடைவின் சிஎம்டிலைன் கோப்பில் ரூட் என்ற அளவுரு எந்தப் பெயரைக் கேட்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, விர்டியோ பிளாக் மாட்யூலை, அதாவது விர்டியோ வட்டுக்கான டிரைவரை, மோட்புரோப் கட்டளையால் ஏற்ற முயலுங்கள். என்ன சொல்கிறது என்று அப்படியே எழுதுங்கள்.

வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டே தெரியாத இடத்தில் வட்டுகளைத் திரட்டி லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம்மின் கட்டளைகளை ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டு தெரிந்தால்தான் பிரிவு, பிரிவு தெரிந்தால்தான் வால்யூம் குரூப், அது எழுந்தால்தான் கோப்பு முறைமை. கீழிருந்து மேலே போக வேண்டும்.


டெபியன் பயனர் | செவ்வாய், 12:31

நான் சென்ற ஆண்டு இதே போல மூன்று டெபியன் சர்வர்களைக் கேவிஎம்முக்கு மாற்றினேன். எதுவும் செய்யவில்லை. நேராக எழுந்தன. அதனால் வட்டுப் படிமத்தை வடிவம் மாற்றியதில் ஏதேனும் தவறு நடந்திருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?


அகல்விளக்கு | செவ்வாய், 12:40

ஐயா, பார்த்துவிட்டேன். பார்டிஷன்ஸ் கோப்பில் ஒளிவட்டு இயக்கி மட்டும் தெரிகிறது, வேறு ஒன்றும் இல்லை. சிஎம்டிலைனில் ரூட் என்பது மேப்பர் அடைவின் கீழ் உள்ள எல்விஎம் பெயராகவே இருக்கிறது. மோட்புரோப் கட்டளை, அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று சொல்கிறது.

இன்னொன்றும் செய்தேன். பழைய தளத்தில் மூல சர்வரைத் தொடக்கி, பூட் அடைவில் உள்ள இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை சிபிஐஓ கட்டளையால் பட்டியலிட்டுப் பார்த்தேன். அதற்குள் மைக்ரோகோட் கோப்பு மட்டும்தான் இருக்கிறது. இனிட் நிரல் இல்லை, மாட்யூல்கள் இல்லை. படிமமே பாதியில் அறுந்துவிட்டதா? அப்படியானால் பழைய தளத்தில் மட்டும் எப்படி எழுகிறது?


பழைய முனையம் | செவ்வாய், 12:58

படிமம் அறுந்துபோகவில்லை. அந்தக் கோப்பு ஒரே காப்பகம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்ட காப்பகங்கள். முன்னால் இருப்பது சுருக்கப்படாத சிறிய சிபிஐஓ. செயலிக்கான மைக்ரோகோட் அதில் இருக்கிறது. மிகத் தொடக்கத்திலேயே, சுருக்கத்தை அவிழ்க்கும் வசதி வருவதற்கு முன்பே, கெர்னல் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். அதன் பின்னால்தான் சுருக்கப்பட்ட முதன்மைக் காப்பகம் வருகிறது. சிபிஐஓ கட்டளை முதல் காப்பகம் முடிந்ததும் நின்றுவிடும். எல்எஸ்இனிட்ஆர்டி என்ற கட்டளையால் பாருங்கள், முழுவதும் தெரியும். டெபியன் குடும்பத்தில் அதே வேலையை எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் செய்யும்.

இப்போது டெபியன் நண்பருக்கு. உங்கள் சர்வர்கள் எழுந்ததும் இவருடையது எழாததும் வடிவமாற்றத்தால் அல்ல. டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் கருவியில் மாட்யூல்ஸ் என்ற அமைப்பு இயல்பாக 'மோஸ்ட்' என்று இருக்கும். பெரும்பாலான வட்டுக் கட்டுப்படுத்திகளுக்கான டிரைவர்கள் எல்லாம் படிமத்தில் ஏறிவிடும். ஆல்மாலினக்ஸ் போன்ற ரெட் ஹாட் வழியில் வந்தவற்றில் இந்தப் படிமத்தைக் கட்டும் கருவியான டிராகட் 'ஹோஸ்ட்ஒன்லி' முறையில் ஓடுகிறது. படிமம் கட்டப்படும் நேரத்தில் அந்த இயந்திரத்தில் என்ன வன்பொருள் இருக்கிறதோ அதற்கானது மட்டும் உள்ளே போகும். பழைய தளத்தில் இருந்தது வேறொரு வட்டுக் கட்டுப்படுத்தி, பெரும்பாலும் பிவிஎஸ்சிஎஸ்ஐயாக இருக்கும். அதற்கான டிரைவர் உள்ளே இருக்கிறது. விர்டியோ அங்கே இல்லவே இல்லை. எனவே விர்டியோ டிரைவரும் இல்லை.

அகல்விளக்கு, இப்போது உங்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. க்ரப் பட்டியலின் கடைசியில் ரெஸ்க்யூ என்று ஒரு பதிவு இருக்கும். நிறுவும் நாளில் உருவாக்கப்பட்ட படிமம் அது. அது மட்டும் ஹோஸ்ட்ஒன்லி இல்லாமல் கட்டப்பட்டது, எல்லா டிரைவர்களும் உள்ளே உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துத் தொடக்குங்கள். உள்ளே போனதும் டிராகட் கட்டளையால் படிமத்தைப் புதிதாகக் கட்டுங்கள்.


கல்லணை | செவ்வாய், 1:10

இந்தத் தலைவலி முழுவதும் தேவையற்றது என்பதே என் உறுதியான கருத்து. நான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்தமாகக் கெர்னல் கட்டுகிறேன். வட்டுக் கட்டுப்படுத்திக்கான டிரைவரையும் கோப்பு முறைமையையும் மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவேன். இனிட்ராம்எஃப்எஸ் கிடையாது. கெர்னல் எழுகிறது, ரூட்டை மவுண்ட் செய்கிறது, முடிந்தது. நடுவில் இன்னொரு சிறு இயங்குதளத்தை வைத்து, அது தன் பங்குக்கு ஒரு முறை பழுதாவதை நாம் ஏன் அனுமதிக்க வேண்டும்? ராஸ்பெர்ரி பை பல ஆண்டுகள் அப்படித்தானே இயங்கியது?


சாவிக்கொத்து | செவ்வாய், 1:22

கல்லணை சொல்வது ஒற்றை வட்டு, ஒற்றைப் பிரிவு உள்ள இயந்திரத்துக்குப் பொருந்தும். என் மடிக்கணினியில் ரூட் பிரிவு லக்ஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டது. கடவுச்சொல்லைக் கேட்பது யார்? கெர்னல் கேட்காது. விசைப்பலகையைப் படித்து, கிரிப்ட்செட்அப் நிரலை ஓட்டி, சாவியைக் கெர்னலிடம் கொடுக்க, கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு பயனர்வெளி நிரல் வேண்டும். அது ரூட் மவுண்ட் ஆவதற்கு முன்பே எங்காவது இருக்க வேண்டும். எல்விஎம்மும் அப்படியே. இந்த இழையைத் தொடங்கியவரின் சர்வரில் ரூட் எல்விஎம்மில்தானே இருக்கிறது? உங்கள் வழி அவருக்கு எப்படி உதவும்?


கல்லணை | செவ்வாய், 1:35

எல்விஎம் இல்லாமல் அமைக்கலாம் என்பதே என் பதில். ரூட்டுக்கு எல்விஎம் வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்? யூயூஐடி என்ற தனித்த அடையாள எண் கொண்டு ரூட்டைக் குறிப்பிட்டால் வட்டின் பெயர் எஸ்டிஏ என்பதிலிருந்து விடிஏ என்று மாறினாலும் கவலை இல்லை.


பழைய முனையம் | செவ்வாய், 1:49

கல்லணை, உங்கள் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடைசி வாக்கியத்தை அப்படியே விட முடியாது, படிப்பவர் யாராவது பின்பற்றி இடறுவார்கள். கோப்பு முறைமையின் யூயூஐடியைக் கெர்னலுக்குத் தேடத் தெரியாது. அது கோப்பு முறைமையின் தலைப்பகுதிக்குள் எழுதப்பட்டிருப்பது. அதைப் படித்து எந்தப் பிரிவு என்று கண்டுபிடிப்பது பயனர்வெளியின் வேலை, அதாவது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. கெர்னல் தானாகப் புரிந்துகொள்வது பார்ட்யூயூஐடி. அது பிரிவு அட்டவணையில் உள்ள அடையாளம். பழைய டாஸ் வகை அட்டவணையில் வட்டின் 32 பிட் கையொப்பத்தோடு பிரிவின் எண்ணைச் சேர்த்தால் அது கிடைக்கும். ராஸ்பெர்ரி பையின் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள், பார்ட்யூயூஐடியும் அதோடு ரூட்வெயிட் என்ற அளவுருவும் இருக்கும். நினைவு அட்டை தயாராக ஒரு கணம் பிடிக்கும், அதுவரை காத்திரு என்று கெர்னலுக்குச் சொல்வதே ரூட்வெயிட். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத இயந்திரத்தில் யூயூஐடி என்று எழுதினால் 'அன்நோன் பிளாக் 0,0' என்ற கெர்னல் பேனிக்தான் மிஞ்சும். அங்கே ஷெல்கூடக் கிடைக்காது.

நான் இந்த அமைப்பை ஆதரிப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் நடுவில் வந்த இனிட்ஆர்டி உண்மையிலேயே தொல்லையாகத்தான் இருந்தது. அது ஒரு போலி வட்டு. அளவை முன்கூட்டியே தீர்மானித்து, அதில் ஒரு கோப்பு முறைமையை அமைத்து, அந்தக் கோப்பு முறைமைக்கான டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்தாக வேண்டும். ஒரே தரவு போலி வட்டில் ஒரு முறையும் பக்கத் தேக்ககத்தில் இன்னொரு முறையும் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். 2.6 கெர்னலோடு வந்த இனிட்ராம்எஃப்எஸ் அந்தப் பாரங்களை எல்லாம் இறக்கி வைத்தது. வட்டே கிடையாது. சிபிஐஓ காப்பகத்தைக் கெர்னல் தன்னிடம் எப்போதும் இருக்கும் ரூட்எஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமையில் விரித்துப் போடுகிறது. அதில் உள்ள இனிட் என்ற நிரலை முதல் செயல்முறையாக ஓட்டுகிறது. அவ்வளவுதான். எல்லா 2.6 கெர்னல்களுக்குள்ளும் ஒரு காப்பகம் உண்டு, நாம் எதுவும் தராவிட்டாலும்கூட, வெறுமையான ஒன்று. ஆகவே இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் தொடக்குகிறேன் என்று நீங்கள் சொல்லும்போதும் கெர்னல் ஒரு வெற்று மூட்டையை விரித்துப் பார்த்து, இனிட் இல்லை என்று கண்டு, பிறகே தானாக ரூட்டைத் தேடப் போகிறது.

வேலை முடிந்ததும் அது விலகும் விதமும் எனக்குப் பிடித்தமானது. ரூட்எஃப்எஸ்ஸை அன்மவுண்ட் செய்ய முடியாது. அதனால் ஸ்விட்ச்ரூட் நிரல் அங்கிருக்கும் கோப்புகளை எல்லாம் அழித்து நினைவகத்தை விடுவிக்கிறது, உண்மையான ரூட்டை அதன் மேல் நகர்த்தி வைக்கிறது, அதற்குள் நுழைந்து உண்மையான இனிட்டை ஓட்டுகிறது. முதல் செயல்முறையின் எண் 1 மாறுவதே இல்லை. வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது.


அகல்விளக்கு | செவ்வாய், 2:05

ரெஸ்க்யூ பதிவு எழுந்தது! ரூட் மவுண்ட் ஆனது. மனம் நிறைந்த நன்றி ஐயா. ஆனால் முழுமையாக உள்ளே போகவில்லை. இஎஃப்ஐ பிரிவை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்து உள்ளே வந்தேன். டிராகட் கட்டளையை ஃபோர்ஸ் விருப்பத்துடன் ஓட்டினேன். மாட்யூல் அடைவு இல்லை என்று பிழை வருகிறது. லிப் அடைவில் மாட்யூல்கள் இருப்பதை என் கண்ணால் பார்க்கிறேனே?


பழைய முனையம் | செவ்வாய், 2:17

இரண்டு பிழைகளுக்கும் ஒரே காரணம். ரெஸ்க்யூ படிமம் நிறுவிய நாளின் கெர்னலோடு சேர்ந்தது. நீங்கள் பல முறை மேம்படுத்தியிருப்பீர்கள். இயல்பாக மூன்று கெர்னல்கள் மட்டுமே வைக்கப்படும், பழையவை நீக்கப்படும்போது அவற்றின் மாட்யூல் அடைவுகளும் போய்விடும். பூட் அடைவில் ரெஸ்க்யூ கெர்னல் மட்டும் தனியாக நிற்கிறது, அதற்கான மாட்யூல்கள் வட்டில் இல்லை. படிமத்துக்குள் இருந்தவை ஸ்விட்ச்ரூட்டின்போது அழிக்கப்பட்டுவிட்டன. இஎஃப்ஐ பிரிவுக்குத் தேவையான விஃபேட் மாட்யூலை ஏற்ற முடியாமல் போனது அதனால்தான்.

டிராகட்டும் அதே இடத்தில்தான் இடறுகிறது. பதிப்பு எதையும் சொல்லாமல் ஓட்டினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கான படிமத்தைக் கட்ட முயலும். உங்களுக்கு வேண்டியது இப்போது ஓடாத, இனி ஓட வேண்டிய கெர்னலுக்கான படிமம். ரீஜெனரேட்ஆல் என்ற விருப்பத்தையும் ஃபோர்ஸ் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். மாட்யூல் அடைவு உள்ள எல்லாக் கெர்னல்களுக்கும் படிமம் கட்டப்படும். கூடவே நோ ஹோஸ்ட்ஒன்லி என்ற விருப்பத்தையும் கொடுங்கள். படிமம் பெரிதாகும். பரவாயில்லை, ஆனால் முதலில் பூட் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் பாதியில் தீர்ந்தால் இருப்பதும் போய்விடும்.

முடிந்ததும் உடனே மறுதொடக்கம் செய்ய வேண்டாம். எல்எஸ்இனிட்ஆர்டி மூலம் புதிய படிமத்தைப் பட்டியலிட்டு, அதில் விர்டியோ பிளாக் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு செய்யுங்கள்.


சாவிக்கொத்து | செவ்வாய், 2:26

ஹோஸ்ட்ஒன்லி முறை ஏன் இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். படிமம் சிறிதாக இருக்கும், விரைவில் ஏறும், இந்த இயந்திரத்துக்கான அமைப்புக் கோப்புகள் உள்ளே இருக்கும். மடிக்கணினியில் அது நல்ல தேர்வு.

ஆனால் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அதில் ஒரு மனக்குறை இருக்கிறது. கையொப்பம் உள்ளதை மட்டும் தொடக்க விடும் செக்யூர் பூட்டில் கெர்னலுக்குக் கையொப்பம் உண்டு, அது சரிபார்க்கப்படுகிறது. என் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குக் கையொப்பம் இல்லை. என் இயந்திரத்திலேயே கட்டப்படும் ஒன்றுக்கு வழங்கல் எப்படிக் கையொப்பமிடும்? மறையாக்கப்படாத பூட் பிரிவில் யாராவது அந்தக் கோப்பை மாற்றி வைத்தால், நான் தட்டும் கடவுச்சொல் அவர் கைக்குப் போகும். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கட்டளைவரி மூன்றையும் ஒரே கோப்பாக்கிக் கையொப்பமிடும் ஒருங்கிணைந்த கெர்னல் படிமம் இதற்காகவே வந்தது. 2023இல் வெளியான ஃபெடோரா 38 அப்படிப்பட்ட ஒரு தொகுப்பை மெய்நிகர் இயந்திரங்களுக்காகக் கொடுத்தது. அதில் உள்ள படிமம் எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தாக வேண்டும். இயந்திரத்துக்கு ஒன்று என்றால் கையொப்பம் செல்லாது. பழைய முனையம் சொல்லும் பொதுப் படிமத்தை நோக்கி வேறொரு பாதையில் நானும் வந்து சேர்கிறேன்.


அகல்விளக்கு | செவ்வாய், 2:48

சர்வர் தன் சொந்தக் கெர்னலோடு எழுந்தது. வட்டு விடிஏ என்ற பெயரில் தெரிகிறது. இஎஃப்ஐ பிரிவும் மவுண்ட் ஆனது. ஆனால் தரவுக்கான இரண்டாவது வட்டில் உள்ள வால்யூம் குரூப் வரவில்லை. 90 விநாடி காத்திருந்துவிட்டு மறுபடி அவசர நிலை. வட்டு தெரிகிறது. பிஎல்கேஐடி கட்டளை அதில் எல்விஎம் இருப்பதாகவும் காட்டுகிறது. ஆனால் எல்விஎம் கட்டளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வரியில் டிவைசஸ் ஃபைல் என்றும் கடைசியாக எஸ்டிபியில் பார்த்தது என்றும் வருகிறது.


பழைய முனையம் | செவ்வாய், 2:57

இந்தச் செய்தியை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று, பலருக்கு இது தெரிவதில்லை. ரெட் ஹாட் வழியின் 9ஆம் பதிப்பிலிருந்து எல்விஎம் கண்ணில் படும் எல்லா வட்டுகளையும் எடுத்துக்கொள்வதில்லை. இடிசி அடைவில் எல்விஎம், அதன் கீழ் டிவைசஸ், அதற்குள் சிஸ்டம் டிவைசஸ் என்ற கோப்பு. அதில் எழுதிவைத்த வட்டுகளை மட்டுமே தொடும். அங்கே வட்டைக் குறிப்பது பழைய தளம் கொடுத்த வன்பொருள் அடையாள எண். புதிய தளத்தில் அந்த எண் இல்லை. எனவே வட்டு கண்முன் இருந்தும் அந்நியமாகிவிட்டது. ரூட் இருக்கும் குரூப்பை இனிட்ராம்எஃப்எஸ் முன்பே எழுப்பிவிட்டதால் அது தப்பித்தது.

விஜிஇம்போர்ட்டிவைசஸ் கட்டளையை எல்லாவற்றுக்குமான 'ஏ' விருப்பத்துடன் ஓட்டுங்கள். அந்தச் சர்வருக்குச் சொந்தமில்லாத வட்டு எதுவும் அதனோடு இணைக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு ஓட்டுங்கள். பிறகு எல்விஎம்டிவைசஸ் கட்டளை புதிய அடையாளங்களைக் காட்டும்.


அகல்விளக்கு | செவ்வாய், 3:20

எல்லாம் வந்துவிட்டது. தரவுத்தளம் ஓடுகிறது. இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டேன்.

மீதி நான்கு சர்வர்களுக்கு என்ன செய்யட்டும்?


பழைய முனையம் | செவ்வாய், 3:34

நகலெடுப்பதற்கு முன்பே, பழைய தளத்தில் அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூட்டையைக் கட்டிவிடுங்கள். இடிசி அடைவில் டிராகட்டின் கான்ஃப் டி அடைவுக்குள் ஒரு சிறு கோப்பு வையுங்கள். அதில் ஹோஸ்ட்ஒன்லி வேண்டாம் என்று ஒரு வரி. அது போதும். படிமம் பெரிதாவது பிடிக்கவில்லை என்றால், அந்த வரிக்குப் பதிலாக விர்டியோ பிளாக், விர்டியோ எஸ்சிஎஸ்ஐ இரண்டையும் கூடுதல் டிரைவர்களாகச் சேர்க்கும் வரியை எழுதுங்கள். வழங்கலிலேயே டிராகட் கான்ஃபிக் ஜெனரிக் என்ற தொகுப்பு இருக்கிறது, அதை நிறுவினாலும் பொதுப் படிமம்தான் கிடைக்கும். பிறகு எல்லாக் கெர்னல்களுக்கும் மறுபடி கட்டி, பட்டியலிட்டுச் சரிபார்த்துவிட்டு, சர்வரை நிறுத்தி நகலெடுங்கள்.

தளம் மாறிய பிறகு ஹோஸ்ட்ஒன்லிக்குத் திரும்புவது உங்கள் விருப்பம். நான் திரும்ப மாட்டேன். இன்றைக்குச் சர்வர் நிற்கும் வன்பொருள் நாளைக்கும் அதுவே என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. சில பத்து எம்பி மிச்சம் பிடிப்பதற்காக, எழாத ஒரு சர்வரின் முன் நள்ளிரவில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.


கல்லணை | செவ்வாய், காலை 7:05

இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். யூயூஐடி பற்றிய திருத்தத்துக்கு நன்றி. என் இயந்திரங்களில் சாதனப் பெயரையே நேரடியாக எழுதியிருந்ததால் அந்த வேறுபாட்டை நான் சந்தித்ததில்லை. பார்ட்யூயூஐடிக்கு மாற்றப் போகிறேன். சொந்தக் கெர்னலை விடப் போவதில்லை.

அகல்விளக்குக்கு ஒரு கேள்வி. அந்த ரெஸ்க்யூ பதிவு இன்னும் பழைய கெர்னலோடுதானே நிற்கிறது? அடுத்த முறையும் விஃபேட் இல்லாமல் தடுமாற வேண்டியிருக்குமே.


பழைய முனையம் | செவ்வாய், காலை 7:41

நான் சொல்ல மறந்ததை நினைவூட்டினீர்கள். பூட் அடைவில் ரெஸ்க்யூ என்று பெயர் கொண்ட கெர்னல் கோப்பையும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் நீக்கிவிட்டு, கெர்னல் இன்ஸ்டால் கட்டளையின் 'ஆட்' செயலை இப்போது ஓடும் கெர்னலின் பதிப்போடும், அதன் மாட்யூல் அடைவில் உள்ள விஎம்லினக்ஸ் கோப்பின் பாதையோடும் ஓட்ட வேண்டும். ரெஸ்க்யூ இல்லாததைக் கண்டு அது புதிதாக ஒன்றைக் கட்டிவிடும். நீக்குவதற்கு முன் சர்வர் இயல்பான பதிவில் எழுந்திருக்கிறதா என்று யூநேம் கட்டளையால் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.


அகல்விளக்கு | செவ்வாய், காலை 8:16

செய்துவிட்டேன். புதிய ரெஸ்க்யூ பதிவிலேயே ஒரு முறை தொடக்கியும் பார்த்தேன், இஎஃப்ஐ பிரிவு மவுண்ட் ஆகிறது. இரண்டாவது சர்வரில் டிராகட் கோப்பை வைத்துப் படிமத்தைக் கட்டியாயிற்று, எல்எஸ்இனிட்ஆர்டி பட்டியலில் விர்டியோ பிளாக்கும் விர்டியோ எஸ்சிஎஸ்ஐயும் தெரிகின்றன. இன்று இரவு நகலெடுக்கிறேன்.